புஷ் போன எம்எக்ஸ்-5: டிராக்குக்குப் போகும் காரில் சஸ்பென்ஷன் புஷ் மாற்றுவது

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கும் பிராண்ட்ஸ் ஹேட்ச் டிராக்கில் முதல் வளைவின் பெயர் பேடாக் ஹில் பெண்ட். வலப்பக்கம் திரும்பும்போதே தரை கீழே இறங்கிவிடும். சரிவின் அடியில் போய்ச் சேரும்போது நான்கு சக்கரமும் நன்றாக அமுங்கும். நல்ல நிலையில் இருக்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5 அந்த இடத்தை ஒரே வீச்சில் கடந்துவிடும். என் கார் இரண்டு தவணையில் திரும்பியது. ஸ்டீயரிங்கை வளைத்ததும் மூக்கு கொஞ்சம் போகும், நடுவில் ஒரு தயக்கம், அப்புறம்தான் பின்பக்கம் வந்து சேரும். டயரைக் குறை சொன்னேன். ஷாக் அப்சார்பரைக் குறை சொன்னேன். கடைசியில் காருக்கு அடியில் படுத்து, லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கை) சப்ஃபிரேமுக்கும் (அந்தக் கை மாட்டியிருக்கும் அடிச்சட்டம்) நடுவே சின்னக் கடப்பாரையை விட்டு லேசாக நெம்பினேன். ஆர்ம் ஊஞ்சல் மாதிரி ஆடியது. இரண்டையும் இணைக்கும் ரப்பர் மூட்டு, அதாவது புஷ், போய்விட்டது.

இருபது, முப்பது வருடக் காரில் இது சாதாரணம். 1989-இல் வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 (என்ஏ), 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறை (என்பி) இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம் பிடித்திருக்கும்), டன் கணக்கில் சொன்னால் ஒன்றைச் சுற்றித்தான் எடை, கழற்றக் கஷ்டமில்லாத அமைப்பு. புதிதாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் கிடைப்பது அரிது. வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் முறை பெரும்பாலும் இதேதான். போல்ட் இருக்கும் இடம்தான் மாறும்.

முதலில் புஷ் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பானரை எடுக்க வேண்டாம். பின்னால் வரும் பாதி விஷயங்களுக்கு இதுதான் காரணம்.

ரப்பர் புஷ் என்பது மூன்று அடுக்கு. வெளியே ஒரு குழாய், உள்ளே ஒரு குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்டை இறுக்கியதும் உள்குழாய் சப்ஃபிரேமோடு சேர்ந்து அசையாமல் நின்றுவிடும். வெளிக்குழாய் ஆர்மோடு சேர்ந்து ஏறி இறங்கும். அப்படியென்றால் நடுவில் எதுவும் சுழலவில்லை. ஈரத் துணியைப் பிழிவதுபோல ரப்பர்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் சாதாரண உயரத்தில் இருக்கும்போது அந்த முறுக்கு பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

பாலியூரித்தேன் (சுருக்கமாக பாலி, ரப்பரைவிடக் கெட்டியான செயற்கைப் பொருள்) புஷ் வேறு ரகம். அது எதோடும் ஒட்டியிருக்காது. உள்ளே இருக்கும் இரும்புக் குழாயைச் சுற்றி நிஜமாகவே சுழலும், அதனால் கிரீஸ் கேட்கும். ஒன்று முறுக்கிக்கொள்ளும், இன்னொன்று சுழலும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புஷ்தான் குற்றவாளியா?

வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். காரைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள்; ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்டையும் (ஆர்மையும் சக்கரத் தாங்கியையும் இணைக்கும் குண்டு மூட்டு) வீல் பேரிங்கையும் முதலில் சந்தேகப்படுங்கள். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் முன்சக்கரம் ஆடினால் டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு. இவையெல்லாம் சரியாக இருந்தால் டார்ச்சோடு உள்ளே போங்கள். ரப்பரில் வெடிப்பு, உள்குழாய் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பது, ரப்பர் பிதுங்கி வெளியே வந்திருப்பது, இவை எல்லாமே அடையாளம். கடப்பாரையால் மெதுவாக நெம்பும்போது சற்று நெகிழ்ந்தால் பரவாயில்லை. ‘டக்’ என்று தாவினால் அது போய்விட்டது.

ஓட்டும்போது தெரிவது வேறு. பலமாக பிரேக் அழுத்தினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், அல்லது பின்பக்கம் வாலாட்டும். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, ஸ்டீயரிங் மறுபடி கோணலாக நிற்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகும். சாலையில் இவை சின்னத் தொந்தரவுதான். டிராக்கில் ஒட்டுப்பிடி அதிகமுள்ள டயர் போட்டு ஒரு வளைவில் முழு எடையையும் சாய்க்கும்போது, ஆர்ம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே சக்கரத்தின் கோணம் மாறிவிடும். நீங்கள் காசு கொடுத்து வைத்த கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) தேவைப்படும் அந்த ஒரு நொடியில் இருக்காது.

எந்தப் புஷ் வாங்குவது

வழக்கமாக இங்கேதான் சண்டை நடக்கும். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: வாரநாளில் ஆபீஸ், வருடத்துக்கு நாலைந்து டிராக் நாள் என்று ஓடும் காருக்குப் புது ரப்பரே போதும். பழைய ரப்பரிலிருந்து புது ரப்பருக்கு மாறும்போது கிடைக்கும் வித்தியாசம், புது ரப்பரிலிருந்து பாலிக்குப் போவதைவிடப் பெரியது. வாங்குவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சில ரப்பர் புஷ்களைத் தனியாக விற்பதில்லை, முழு ஆர்மோடுதான் தருவார்கள்.

டிராக்குக்கே அதிகம் போகும் கார் என்றால் பாலியூரித்தேன். ஷோர் ஏ என்ற கடினத்தன்மை அளவில் 80 என்றால் சாலைக்கும் ஒத்துவரும், 95 என்றால் கல்லு மாதிரி. எம்எக்ஸ்-5-இன் ஆர்ம்கள் கதவுக் கீல் போல ஒரே அச்சில் ஏறி இறங்குபவை, அதனால் பாலி இங்கே நன்றாகப் பொருந்தும். சில கார்களில் டிரெயிலிங் ஆர்ம் (சக்கரத்திலிருந்து முன்னோக்கிப் போகும் ஆர்ம்) புஷ் பல திசையிலும் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கும். அங்கே பாலியைப் போட்டால் ஆர்ம் பிடித்துக்கொள்ளும்.

டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக், இரும்பு உருளை பேரிங் எல்லாம் பந்தயக் காருக்கு. முதல் தடவைக்கு வேண்டாம்.

ஒரு வாரம் முன்பே தொடங்கும் வேலை

புஷ் மாற்றுவதில் புஷ் சுலபமான பகுதி. கஷ்டமெல்லாம் போல்டில்.

எம்எக்ஸ்-5-இன் லோயர் ஆர்ம்களை சப்ஃபிரேமோடு இணைப்பவை கேம் போல்ட்கள். ஒரு சக்கரத்துக்கு இரண்டு, மொத்தம் எட்டு. போல்டின் தலையருகே வட்டத் தகடு ஒன்று மையம் தவறி ஒட்டியிருக்கும். போல்டைத் திருகினால் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும், அலைன்மென்ட் செய்வது அப்படித்தான். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாட்டில் இந்தப் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துரு ஏறி ஒன்றாகிவிடும். பின் லோயர் ஆர்மின் வெளிமுனையில் சக்கரத் தாங்கியின் வழியாகப் போகும் நீளமான போல்ட் இன்னும் மோசம்.

எனவே வேலைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் சாயங்காலம் எல்லா நட்டு, போல்டுக்கும் துரு இளக்கும் எண்ணெயை அடியுங்கள். வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். கேம் போல்ட், வாஷர், நட்டு புது செட் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அறுந்த போல்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கடைக்குப் போவீர்கள்?

காரைத் தூக்குவதற்கு முன், அது சமதரையில் நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே, செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் (சக்கரத்தின் மேலுள்ள உடல் தகடு) விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். நான் மாஸ்கிங் டேப் துண்டு ஒன்றில் எழுதி அந்தந்த ஃபெண்டரிலேயே ஒட்டிவிடுவேன். என் காரில் முன்பக்கம் 325 மி.மீ. உங்களுடையது வேறாக இருக்கும். இந்த எண் எதற்கு என்று பின்னால் தெரியும். ஒவ்வொரு கேம் தகட்டின் நிலையையும் பெயிண்ட் பேனாவால் குறித்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவையான சாமான்கள்: நல்ல ஜாக்கி, நான்கு ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை, அதாவது டார்க்கை, அளந்து இறுக்கும் ஸ்பானர்), நீளக் கைப்பிடி உள்ள பிரேக்கர் பார், சாக்கெட் செட், பால் ஜாயிண்ட் கழற்றி, பெரிய வைஸ் அல்லது பிரஸ், ஹாக்சா, கண்ணாடி, கையுறை. உங்கள் காருக்கான வொர்க்‌ஷாப் மேனுவல் கட்டாயம் வேண்டும். எந்தப் போல்டுக்கு எவ்வளவு டார்க் என்பதை அதிலிருந்து மட்டும் எடுங்கள், நண்பர் ஞாபகத்திலிருந்து சொல்வதை நம்பாதீர்கள்.

கழற்றுவது

ஒரு நேரத்தில் முன்பக்கம் மட்டும், அல்லது பின்பக்கம் மட்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். எம்எக்ஸ்-5-ஐ முன்னால் கிராஸ்மெம்பரின் நடுவிலும் பின்னால் டிஃபரென்ஷியல் உறையிலும் ஜாக்கி வைத்துத் தூக்கலாம். தூக்கியதும் மேனுவல் காட்டும் இடத்தில் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலையை விடக் கூடாது. ஸ்டாண்டில் வைத்ததும் காரைத் தோளால் இடித்துப் பாருங்கள், அப்போதே அசைந்தால் அசையட்டும்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் அதன் எடை விழக் கூடாது. ஹோஸைத் திறக்காதவரை பிரேக்கில் காற்று எடுக்கும் வேலை கிடையாது. ஏபிஎஸ் வயர் இருந்தால் விடுவியுங்கள். ஆண்டி-ரோல் பாரின் (இடது, வலது சக்கரங்களை இணைத்துக் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்பை இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் அந்தப் பார் உங்களோடு மல்லுக்கு நிற்கும். பிறகு ஷாக் அப்சார்பரின் கீழ்ப்போல்ட். ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே பொருந்தியிருப்பதால் அதைத் தனியாக அமுக்க வேண்டியதில்லை, ஷாக்கின் மேல்நடு நட்டை மட்டும் தொடாதீர்கள்.

பால் ஜாயிண்ட் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஸ்பிளிட் பின்னை எடுத்து நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்தி விட்டுவிட்டு, கழற்றியைப் போட்டு இறுக்குங்கள். அப்படியும் வராவிட்டால் ஜாயிண்ட் உட்கார்ந்திருக்கும் இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு தட்டு. ‘டப்’ என்ற சத்தத்தோடு விழும். நட்டு இன்னும் மாட்டியிருப்பதால் எதுவும் காலில் விழாது.

இப்போது கேம் போல்ட். நட்டு கழன்றுவிடும். போல்டின் தலையில் சாக்கெட் போட்டுத் திருகிப் பாருங்கள். சுழன்றால் அதிர்ஷ்டம். கொஞ்சம் சுழன்று, கையை விட்டதும் ஸ்பிரிங் மாதிரி பழைய இடத்துக்கே திரும்பினால், போல்டும் உள்குழாயும் ஒன்றாகிவிட்டன என்று அர்த்தம். நீங்கள் இதுவரை ரப்பரைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தீர்கள். இந்த நிலையில் ஆட்கள் கேஸ் டார்ச்சைத் தேடுவார்கள். வேண்டாம். ரப்பர் எரியும், புகை நெஞ்சைப் பிடிக்கும், பெட்ரோல் லைனும் டாங்கும் தூரத்தில் இல்லை. புஷ்ஷைத் தூக்கியெறியத்தானே போகிறோம்? ரம்பக் கத்தியை ஆர்முக்கும் சப்ஃபிரேம் காதுக்கும் (போல்ட் நுழையும் தகடு) இடையிலுள்ள சந்தில் விட்டு, போல்டை இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். காதில் பிளேடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் காரில் எட்டில் ஐந்தை அறுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேடு செலவு, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு மன்னிப்பு.

பழையதை எடுத்துப் புதியதைப் போடுவது

ஆர்ம் கையில் வந்ததும், அதில் இடது, வலது, முன், பின் என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டவர்கள் மாலையில் நான்கு கருப்பு ஆர்மைப் பார்த்து விழிப்பார்கள்.

வைஸின் ஒரு பக்கம் புஷ்ஷைவிடச் சற்றே சின்ன சாக்கெட், மறுபக்கம் புஷ் உள்ளே விழும் அளவுக்குப் பெரிய சாக்கெட். வைஸை இறுக்கினால் புஷ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் நகரும். ஆர்மின் இரண்டு காதுகளையும் ஒருசேர அமுக்கினால் தகடு வளைந்துவிடும். நீங்கள் அமுக்கும் காதுக்கு மட்டும் நேர் பின்னால் தாங்கல் இருக்கட்டும்.

நகரவே இல்லையென்றால் ரப்பரைச் சுற்றி டிரில் போட்டு உள்குழாயைத் தட்டி வெளியே எடுங்கள். அப்புறம் ஹாக்சா பிளேடைக் கழற்றி, துளைக்குள் விட்டு, மறுபடி மாட்டி, வெளிக்குழாயை உள்ளிருந்து ஒரு கோடாக அறுங்கள். பிளேடு ஆர்மின் உடம்பைத் தொடுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். கோடு விழுந்ததும் உளியால் ஒரு தட்டு, குழாய் சுருண்டு வந்துவிடும். அறுக்கும் முன் புது கிட்டோடு வந்த தாளைப் படியுங்கள்: சில பாலி கிட்டுகள் பழைய வெளிக்குழாயை அப்படியே விடச் சொல்லும்.

துளையை எமரித் தாளால் துருவில்லாமல் சுத்தம் செய்யுங்கள். புது ரப்பர் புஷ்ஷுக்கு வெறும் சோப்புத் தண்ணீர் தடவி அழுத்தினால் போதும். என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் ரப்பரில் படக் கூடாது, ஊறி உப்பிவிடும். அம்புக்குறியோ இடைவெளித் துவாரமோ இருக்கும் புஷ்ஷானால் பழையது எந்தத் திசையைப் பார்த்ததோ அதே திசையில் வைக்க வேண்டும்.

பாலியானால் கிட்டோடு வரும் சிலிக்கான் கிரீஸை உள்ளே, வெளியே, பக்கவாட்டு விளிம்பில் என்று தாராளமாகத் தடவுங்கள். கஞ்சத்தனம் பண்ணினால் இரண்டு மாதத்தில் வேகத்தடை ஏறும்போதெல்லாம் பழைய கட்டில் மாதிரி கத்தும். இரும்புக் குழாய், பாலியைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட் குழாயைப் பிடிக்கும், பாலி சுதந்திரமாகச் சுழலும். குழாய் குட்டையாக இருந்தால் போல்ட் பாலியை நசுக்கி ஆர்மையே பூட்டிவிடும். போல்டை இறுக்கிய பிறகு ஆர்மைத் தூக்கி விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே மெதுவாகக் கீழே இறங்கினால் சரி. விட்ட இடத்திலேயே நின்றால் பாலியின் விளிம்பை எமரித் தாளில் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

மாட்டும்போது நான் செய்த தப்பு

போல்டின் வழவழப்பான உடலில் ஆண்டி-சீஸ் (துருப்பிடித்து ஒட்டாமல் தடுக்கும் பசை) பூசி உள்ளே விடுங்கள். மரையில் பூசினால் டார்க் கணக்கு தவறிவிடும். கேம் தகடுகளைப் பழைய குறியில் வைத்து, எல்லா நட்டையும் விரலால் மட்டும் போட்டு வையுங்கள். பால் ஜாயிண்ட், காலிப்பர், ஷாக், ஆண்டி-ரோல் பார் ஆகியவை முறையான டார்க்கில். ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. பின் புதியதாக இருக்கட்டும்.

ஆர்மின் உள்போல்ட்களை இப்போது இறுக்காதீர்கள். முதல் தடவை நான் இறுக்கினேன். கார் ஸ்டாண்டில், சக்கரம் தொங்கிய நிலையில், டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றதும் பெருமையாகவும் இருந்தது. தொங்கும் நிலையில் பூட்டியதால், காரைக் கீழே இறக்கிய நொடியிலிருந்தே ஒவ்வொரு ரப்பரும் பாதி முறுக்கில் நின்றது. வளைவில் சக்கரம் அமுங்கும்போது மீதியும் முறுக்கியது. கார் வழக்கத்தைவிட உயரமாக நின்றதை ‘புது ரப்பர், உட்காரும்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த எம்.ஓ.டி. சோதனையில் (இங்கிலாந்தில் கார்களுக்கு நடக்கும் தகுதிச் சோதனை) பரிசோதகர் கூப்பிட்டுக் காட்டினார்: இரண்டு புஷ்ஷில் ரப்பர் குழாயை விட்டுக் கிழிந்திருந்தது. எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

ஃபெண்டரில் ஒட்டிய மாஸ்கிங் டேப் இதற்குத்தான். சக்கரங்களை மாட்டி, நான்கின் அடியிலும் ஒரே தடிமனுள்ள கெட்டி மரப்பலகைகளை அடுக்கி, அதன்மேல் காரை இறக்குங்கள். ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு மூட்டை வைத்தால் இன்னும் நல்லது. முன்னும் பின்னும் ஒரு கை அகலம் உருட்டி, பானெட்டையும் டிக்கியையும் அமுக்கிவிட்டு, ஹப்பிலிருந்து ஃபெண்டர் வரை அளந்து பாருங்கள். எழுதிய எண் வந்ததும் உள்போல்ட்களை இறுக்குங்கள். இடம் போதாமல் ஜாக்கியால் சக்கரத் தாங்கியைத் தூக்கி அந்த அளவுக்குக் கொண்டுவருபவர்களும் உண்டு. இந்தக் கார் லேசானது. தூக்கும்போது உடம்பே ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும், கவனம். பாலிக்கு இந்த உயரக் கணக்கு அவசியமில்லை என்றாலும், நான் எல்லாவற்றையும் இந்த நிலையிலேயே இறுக்குகிறேன்.

இறுக்கிய ஒவ்வொரு நட்டிலிருந்தும் சப்ஃபிரேம் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடையும், படுத்துப் பார்த்தாலே தெரியும்.

அலைன்மென்ட்

கேம் பழைய குறியில் இருந்தாலும் புஷ் புதியது, கோணங்கள் மாறியிருக்கும். முதலில் பிரேக் பெடலைக் கெட்டியாகும் வரை சில தடவை மிதியுங்கள். பிறகு மெதுவாக நேரே அலைன்மென்ட் கடைக்கு. தொடக்கத்துக்கு முன்சக்கரத்தில் மைனஸ் 1.5 முதல் 2 டிகிரி கேம்பர், டோ பூஜ்ஜியம். பின்னால் கேம்பர் ஏறக்குறைய அதே அளவு, இரண்டு சக்கரமும் சேர்ந்து 2 அல்லது 3 மி.மீ. டோ-இன். பின்பக்கம் டோ-அவுட்டுக்குப் போனால் பிரேக் அழுத்தியபடி வளைவுக்குள் நுழையும்போது பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும்.

கேம் போல்டை நிஜமாகவே திருகிச் சரிசெய்கிறார்களா என்று நின்று பாருங்கள். புஷ் மாற்றுவதற்கு முன்பு ஒரு கடையில் முன்பக்க டோவை மட்டும் தொட்டுவிட்டு, மற்றதெல்லாம் ‘அளவுக்குள் இருக்கு’ என்று சொல்லி முழுக் காசு வாங்கினார்கள். போல்ட் துருப்பிடித்து நின்றதை அவர்கள் சொல்லவே இல்லை. அவர்கள் கேமை நகர்த்தினால் உங்கள் பெயிண்ட் கோட்டைப் புதிதாகப் போட வேண்டும்.

நூறு கிலோமீட்டருக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். டிராக்கில் முதல் சுற்றில் நாலைந்து லேப் நிதானமாக ஓட்டி, பிட்டுக்குள் வந்து கோடுகளைப் பாருங்கள். வீல் நட்டை இறுக்கம் பார்க்கும் அதே மூச்சில் இதையும் முடித்துவிடலாம்.

முழு வேலைக்கும் இரண்டு வார இறுதி ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடித்தேன் என்பவர் உப்புத் தூவாத ஊரில் கார் வைத்திருப்பவர். இன்னொன்று: ஒவ்வொரு வருடமும் அக்டோபரில், உப்பு லாரி வருவதற்கு முன், எட்டு கேம் போல்டையும் குறி பார்த்து ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கொஞ்சம் சுழற்றி, அதே குறியில் வைத்து, கார் தரையில் நிற்கும்போதே இறுக்கிவிடுகிறேன். அரை நாள் வேலை. இதுவரை ஒன்றையும் மறுபடி அறுக்கவில்லை.